மேல் ரூம் லைன்

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு 'சாப்பிட்டீகளா' என்பதுதான். பட்டினி கிடப்பவர்கூட 'ஆச்சு, ஆச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரான சிஸ்டர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. மாடிப்படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னைக்கு மிக்ஸி போடவே இல்லையே டீச்சர், சட்னி அரைக்கலபோல" என்பார். அரைக்கவில்லைதான். முந்தின நாள் குழம்பைச் சுட வைத்து ஒப்பேற்றியிருப்பேன். அதை இவர் கண்டுபிடித்துச் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

விருதுநகரில் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்த ஒரு தெருவில் அவருடைய மாடிவீடு. கீழே அவர், மேலே நானும் என் கணவரும். சிஸ்டர் என்றால் மடத்துச் சிஸ்டர் இல்லை. சிவகாசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு ஆளைக்கூட அந்தத் தெருவில் நான் கண்டதில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் வார்டு அவரை விட்டுப் போகவில்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகவே கட்டுவார். மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒரு சுருள் எப்போதும் கைப்பையில் இருக்கும். குழம்புப்பொடி டப்பா, சாவிக்கொத்து, குடை, எதுவானாலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் குண்டு குண்டாகப் பேர் எழுதிவிடுவார். கீழ்வீட்டு நடையில் இருந்த மெயின் போர்டுக்கும் அதே வைத்தியம்தான். மேல் ரூம், மேல் ஹால், மேல் அடுப்படி, மேல் ஃபிரிட்ஜ், கீழ் ஹால், மோட்டார் என்று ஒவ்வொரு சுவிட்சின் தலையிலும் ஒரு பிளாஸ்திரி.

அந்த போர்டுக்குள்தான் விஷயமே இருந்தது. கோயம்புத்தூரில் இருந்த அவருடைய மகன் ஒரு லீவில் வந்தபோது ஒவ்வொரு லைனின் ஒயரிலும் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுப் போயிருந்தார். கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப் மாதிரி அது ஒயரைச் சும்மா கவ்விக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த லைனில் எம்புட்டு கரண்டு போகிறது என்பது சிஸ்டரின் செல்போனுக்கு அப்போதைக்கப்போது வந்துவிடும். மேல் அடுப்படி என்று தொட்டால் மேல் அடுப்படி. மோட்டார் என்று தொட்டால் மோட்டார். மற்றவர்கள் செல்போனில் சீரியல் பார்க்கிற நேரத்தில் சிஸ்டர் எங்கள் வீட்டு ஃபேன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தெருவில் கேலி பண்ணினார்கள். 'கரண்டு சிஸ்டர்' என்று ஒரு பட்டம் இருந்தது. கண்கொத்திப் பாம்பு என்று நானே என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக அவர் இதைச் செய்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்தது ஒரு காய்ச்சலின்போது. கணவர் வேலைக்குப் போன பிறகு எழுந்திருக்க முடியாமல் ஹாலிலேயே படுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் நொய்க்கஞ்சியும் தெர்மாமீட்டருமாக வந்து நின்றார். "ஹால் லைட்டு அணையல, அடுப்படில ஒண்ணும் ஓடல. பள்ளிக்கொடத்துக்குப் போற பொம்பள இப்படிப் போட்டுட்டுப் போகமாட்டாகளேன்னு வந்தேன்" என்றார். என்ன செய்கிறது என்று அப்போதும் கேட்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கஞ்சியைக் குடிக்க வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இன்னொரு நாள், "ஒங்க ஃபிரிட்ஜ் ரொம்ப மூச்சு வாங்குது டீச்சர். கதவு ரப்பர் போயிருக்கும், பாருங்க" என்றார். போயிருந்தது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே எரிச்சலாகவும் இருக்கும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் மூச்சு வாங்குவதை இன்னொருவர் வந்து சொல்ல, நாம் அதன் பக்கத்திலேயே நின்று சமைத்துக்கொண்டிருந்தோமே என்று இருக்கும்.

எதையுமே ஏன் கேட்பதில்லை என்று ஒருமுறை நான் அவரிடமே கேட்டேன். மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"கேட்டா என்ன கெடைக்கும்? ஆளு சொல்றது கெடைக்கும்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் மேலே குடியிருந்தது. பகலெல்லாம் அந்த அறைக் கதவு சாத்தியே இருக்கும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்குத் தையல் வேலை பார்க்கிறோம் என்றார்கள். இவரும் நம்பிவிட்டார். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே போனபோது கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே கட்டிலுக்கு அடியில் வெடிமருந்து, தரையில் பாதி பின்னிய சரவெடி. கம்பெனியில் செய்ய வேண்டிய வேலையைக் கள்ளத்தனமாக வீட்டுக்குள் வைத்துச் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து திரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"என் தலைக்கு மேல டீச்சர். அந்த வார்டுல அம்புட்டு வருசம் நின்னவ நான். ஒரு ஈரத்துணிய மேல போட்டாலே அலறுற பிள்ளைகளைப் பாத்தவ. என் வீட்டுலயே... நான் போய்க் கேட்டேன், அவுக சொன்னாக, சரின்னு வந்துட்டேன். மோட்டார்த் தையல் மிஷின் ஓடுனா அந்த லைன் கரண்டு இழுக்கணுமா இல்லையா? அன்னைக்கு இந்தக் கிளிப்பு இருந்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்."

அவர்களைக் காலி பண்ணச் சொன்ன அந்த மாதமே மகனைக் கூப்பிட்டுக் கிளிப்புகளை மாட்டிவிட்டார். அதைக் கேட்ட பிறகு அவரைப் பாம்பு என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

இனி என் கணவர் கதைக்கு வர வேண்டும். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் அவர் சூப்பர்வைசராக இருந்தார். காலண்டர், டைரி, வெடிப்பெட்டி லேபிள் என்று சீசனுக்கு ராப்பகலாக ஓடும் பிரஸ். காலண்டர் சீசன் முடிந்து தை பிறந்ததும் முதலாளிகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மெஷினை லாரியில் ஏற்றிவிட்டார்கள். இவரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சீசன் இல்லாத நேரத்தில் எந்த பிரஸ்ஸில் ஆள் எடுப்பார்கள்?

வேலை போனது வெளியே தெரியக்கூடாது என்று முடிவு செய்தது நாங்கள் இரண்டு பேரும்தான். அப்போது சாத்தூர்ப் பக்கம் கிராமத்தில் இருந்த என் நாத்தனாருக்கு, அதாவது இவருடைய தங்கைக்கு, அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா இல்லாத பெண். அண்ணன்தான் எல்லாம். ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து கலைந்திருந்தது. இரண்டாவது இடம் நிச்சயத்துக்குப் பூ வாங்கும் நாளில் கலைந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு ஊர்க் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. அண்ணனுக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் இந்த இடமும் நிற்காது. கல்யாணப் பேச்சு முடிகிறவரை வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்துவிட்டோம். மாமியாருக்கும் சொல்லவில்லை.

இவர் வழக்கம்போல் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தார். தெரிந்த முகமாக ஒன்று தினமும் வந்து 'என்ன, பஸ்ஸுக்கா?' என்று கேட்டது. சாத்தூர் போனால் அங்கே சொந்தக்காரர்கள். இருக்கன்குடிக்குப் போய்க் கோயில் மண்டபத்தில் படுத்திருந்த அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூட ஆயாவே பார்த்துவிட்டு, 'சாருக்கு என்ன வேண்டுதல்' என்று என்னிடம் கேட்டாள். அதற்குப் பிறகு வேறு வழி பண்ணினோம். காலையில் சிஸ்டர் பார்க்க வாசல் வழியாகக் கிளம்புவார். சிஸ்டர் பால் வாங்கப் போகும் நேரத்தில் பின்பக்கமாகத் திரும்பி வந்து மாடியேறிவிடுவார். நான் வெளியே பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். கட்டிய புருஷனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய், கரும்பலகையில் வாய்மை பற்றிய குறளை எழுதிப் போட்டவள் நான். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து ஒழுகும்.

கிளிப்பை நாங்கள் மறந்துபோனோம். அதுதான் நாங்கள் பண்ணிய முட்டாள்தனம்.

"டீச்சர், மேல் ரூம் ஃபேனப் போட்டுட்டுப் போயிட்டீக" என்றார் சிஸ்டர், அந்த முதல் நாள் சாயங்காலமே.

"மறந்துட்டேன் சிஸ்டர்" என்றேன்.

மறுநாளும் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் அவர் என் முகத்தை ஒரு நர்ஸ் பார்க்கிற மாதிரி பார்த்தார். "வேலை ஜாஸ்தி. மறதி வரத்தான் செய்யும். நீங்க கவலைப்படாதீக, நீங்க போனதும் கீழ நானே அணைச்சுவிட்டுர்றேன்" என்றார். எனக்கு வெண்டைக்காய் வாங்கிக் கொடுத்தார். ஞாபகத்துக்கு நல்லதாம்.

மறுநாளிலிருந்து, நான் வாசல் கேட்டைத் தாண்டியதும் மேல் ரூம் லைன் அணைந்துவிட்டது. பங்குனி வெயில். மேலே தட்டோடு போட்ட மொட்டைத்தளம், சூடு அப்படியே இறங்கும். உள்ளே இருப்பவர் கதவைத் தட்டி 'கரண்டைப் போடுங்க' என்று கேட்கவும் முடியாது, ஜன்னலைத் திறக்கவும் முடியாது. ஹாலுக்கு வந்து ஹால் ஃபேனைப் போட்டிருக்கிறார். ஹால் லைன் இழுப்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் பார்த்து, அதையும் நான்தான் போட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நினைத்து, சிஸ்டர் ஹால் லைனை அணைத்துவிட்டார். இவர் அடுப்படிக்குப் போய் டேபிள் ஃபேனை மாட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அதுவும் போனது. என் மேல் உள்ள அக்கறையில் அந்த அம்மாள் என் கணவரை அறை அறையாகத் துரத்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நான் பூட்டைத் திறக்கும்போது இவர் தரையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு அதன்மேல் துண்டை விரித்துப் படுத்திருப்பார். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "ஜெயில்லகூட ஃபேன் ஓடும்" என்றார். நான் சிரிக்கவில்லை. கீழே போய் எதைச் சொல்லி அந்த லைனைப் போடச் சொல்வது என்று யோசித்து யோசித்து எதுவும் வரவில்லை. மாலையில் சிஸ்டர், "இன்னைக்கும் மூணு லைனும் ஓடுச்சு. எல்லாத்தையும் அணைச்சுட்டேன்" என்றபோது, "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அணைக்காமல் அவர் விட்டுவைத்த லைன் ஒன்றே ஒன்றுதான், ஃபிரிட்ஜ் லைன். அணைத்தால் சாமான் கெட்டுப்போகும். இவர் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, பனியனோடு அதற்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார்.

ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து சிஸ்டர் பயந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் என் செல்போன் அணைந்திருந்தது. அவரிடம் ஒரு சாவி உண்டு. அதுவரை ஒரு நாளும் அதை எடுத்ததில்லை. அன்று எடுத்துக்கொண்டு மேலே வந்து கதவைத் திறந்திருக்கிறார்.

அதை என் கணவர்தான் எனக்குச் சொன்னார். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டதும் நான்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று நினைத்து எழுந்திருக்கவேயில்லையாம். சிஸ்டர் அடுப்படி வாசலில் நின்றிருக்கிறார். இவர் திறந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில்.

"கதவ மூடுங்க தம்பி, பால் கெட்டுப் போகும்" என்றாராம் சிஸ்டர். திரும்பிப் போய்விட்டார். போகும்போது மறுபடியும் வெளியே பூட்டிவிட்டுப் போனார். நாங்கள் எப்படி வைத்திருந்தோமோ அப்படியே.

"அவுக கீழ எறங்கின கொஞ்ச நேரத்துல மேல் ரூம் ஃபேன் தானாச் சுத்த ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு இவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் சிஸ்டர் படியேறி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஃபேன் மட்டும் பகல் முழுக்க ஓடியது. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பொறுக்க முடியாமல் நானே கீழே போனேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் உபவாசம், வாசலில் உட்கார்ந்து வேதப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே டீச்சர்" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே.

நான் சொன்னேன். பிரஸ் மூடியதை, நாத்தனாரை, கலைந்துபோன இரண்டு இடங்களை, அருப்புக்கோட்டைப் பேச்சை எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வருவார்கள், குடியிருக்கும் வீட்டில்தான் முதலில் விசாரிப்பார்கள் என்பதையும் சொன்னேன். அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அவர் புத்தகத்தை மூடினார். "எனக்குத் தெரிஞ்சதத்தான் நான் சொல்லுவேன், டீச்சர். வேற எனக்கு வராது."

நான் எழுந்தேன். படி வரைக்கும் போனபோது பின்னாலிருந்து கேட்டார். அவர் என்னை ஒரு கேள்வி கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"சரியாச் சாப்பிடுறதில்ல சிஸ்டர்" என்றேன்.

அவர்கள் சொல்லாமல்தான் வந்தார்கள். விசாரிப்பு என்றால் அப்படித்தான் வருவார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. சிஸ்டர் வீட்டு முன்னறையில் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரையும் போட்டோவில் பார்த்திருந்தேன். மேலே போனால் பூட்டைத் திறக்க வேண்டும். உள்ளே போனால் முகத்தைக் காட்ட வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, நடையின் ஜன்னலோரமாக நின்றுவிட்டேன்.

"தப்பா நெனைக்காதீக சிஸ்டர்" என்று அந்த அத்தை பேச்சை எடுத்தார். "பொண்ணு எடுக்குற எடம். நாலு பேருகிட்ட விசாரிக்கிறதுதானே?"

"கேளுங்க."

"பொண்ணோட அண்ணன் வேலை பாத்த பிரஸ்ஸ மூடிட்டாகன்னு ஒரு பேச்சு அடிபடுது. அந்தத் தம்பி இப்ப வேலைக்குப் போறாரா, இல்ல வீட்டோட கெடக்காரா?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். எனக்குக் கையிலிருந்த டிபன் கூடை கனத்தது. சிஸ்டர் சொல்லிவிடுவார், அவர் சொல்லாமல் இருக்கமாட்டார், சாயங்காலத்துக்குள் கிராமத்துக்குப் போன் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இருங்க, காபி வச்சுட்டு வாரேன்" என்று எழுந்தார் சிஸ்டர்.

நடைக்கு வந்தவர் ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கம்பி இடைவெளியில் அவர் முகம். கோபமில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. மெயின் போர்டைத் திறந்தார். மேல் ரூம் என்று அவரே எழுதி ஒட்டிய பிளாஸ்திரிக்குக் கீழே விரலை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சுவிட்சைக் கீழே தள்ளினார்.

காபியோடு செல்போனையும் எடுத்துப் போனார்.

"நான் ஆளு சொல்றத வச்சு எதுவும் சொல்றதில்ல" என்று அவர் சொல்வது கேட்டது. குரல் வழக்கம்போல இல்லை. "இந்தா பாருங்க, இது மேல் ரூம். இது மேல் ஹால். இது அடுப்படி. எல்லாம் பூஜ்யம். வீட்டுல ஆம்பள இருந்தா இந்த வெயில்ல ஒரு ஃபேன்கூட ஓடாமலா இருக்கும்?"

அத்தை செல்போனை வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அடி ஆத்தி! இப்படி ஒண்ணு இருக்கா? எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கி மாட்டணும், மருமக என்ன பண்றான்னு பாக்க." பெரியப்பாவும் சிரித்தார். பேச்சு அதோடு நல்லபடியாகத் திரும்பிவிட்டது.

நான் புதிதாக வந்தவள்போல உள்ளே போனேன். கும்பிட்டேன். அவர்கள் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். நகை, மண்டபம், சொந்தம் என்று பேச்சு நீண்டது. இரண்டாவது காபி வந்தது. என் தலைக்கு நேர் மேலே என் கணவர் காற்றில்லாமல் பூட்டிய அறைக்குள் இருந்தார். "தம்பி வர லேட்டாகுமோ?" என்று பெரியப்பா கேட்டபோது, "பிரஸ்ல ஆர்டர் கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றேன். சிஸ்டர் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர்கள் போனதும் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன். இவர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். கீழே பேசிய குரல்கள் கேட்டிருக்கின்றன. இருமக்கூடப் பயந்துபோய் நின்றிருக்கிறார்.

"என்ன சொன்னாக?" என்றார்.

"ஒங்களைப் பத்தி நல்லதாச் சொன்னாக" என்றேன்.

நன்றி சொல்லக் கீழே போனபோது சிஸ்டர் கதவைத் திறக்கவில்லை. "வேண்டாம் டீச்சர், போங்க" என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

நிச்சயம் முடிந்தது. முதல் பத்திரிகையை அவருக்குத்தான் வைக்க வேண்டும் என்று இவர் பிடிவாதமாகச் சொன்னார். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை அன்று, அவர் ஆலயத்திலிருந்து வந்ததும் கொடுக்கலாம் என்று தாம்பாளத்தோடு காத்திருந்தோம். விடியற்காலை ஆராதனை. புதுச்சேலை கட்டிக்கொண்டு தெருவே போயிருந்தது. யாருமே திரும்பாத நேரத்தில் சிஸ்டர் மட்டும் தனியாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன சிஸ்டர், சீக்கிரம் வந்துட்டீக?"

"இனி ராப்போஜனம் குடுப்பாக. ஆண்டவரோட பந்தி, அப்பமும் திராட்சரசமும். அதான் எந்திரிச்சு வந்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. என் கணவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த தாம்பாளத்தைத் தாழ்த்தினார்.

"மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு அதுக்குக் கை நீட்டக்கூடாது டீச்சர்" என்றார் சிஸ்டர். எங்களைக் குறை சொல்லும் குரலில்லை, வார்டில் ஒரு விஷயத்தை விளக்குகிற குரல். "மன்னிப்புக் கேட்டுட்டா எடுக்கலாம். ஆனா யாருகிட்டப் பொய் சொன்னேனோ அவுககிட்டப் போய் மொதல்ல சொல்லணும். அத நான் எப்படிப் போய்ச் சொல்ல? அந்தப் பொண்ணு என்னாகும்?"

பத்திரிகையை வாங்கிக்கொண்டார். பெண்ணின் பேரைத் தொட்டுப் பார்த்து, நல்லா இருக்கட்டும் என்றார்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே இவருக்குக் கோவில்பட்டியில் ஒரு பிரஸ்ஸில் வேலை கிடைத்துவிட்டது. எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. நீங்கள் சொன்ன வார்த்தை இப்போது உண்மையாகிவிட்டது, இனி நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். என் சமாதானத்துக்காகத்தான் சொன்னேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"அன்னைக்கு இல்லையே டீச்சர்" என்றார்.

நாத்தனார் இப்போது அருப்புக்கோட்டையில் நன்றாக இருக்கிறாள். ஒரு பையன் இருக்கிறான். அந்த விசாரிப்பு எப்படி நடந்தது என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் அதற்குப் பிறகும் சில காலம் அந்த வீட்டில்தான் இருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ராப்போஜனம் கொடுக்கும் நாளில், தெருவில் மற்றவர்கள் எல்லோரும் இன்னும் ஆலயத்துக்குள் இருக்கும்போது கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் கணவர் மாடியில் எங்கே நின்றாலும் வேகமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.